மாலை வானில் தோன்றும் பேரொளி

தென் அந்தமானில் பெரார்கஞ்ச் வட்டத்து மக்களுக்கு அந்திப்பொழுது சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்தியா முழுமைக்கும் உரிய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. அந்தமானோ அந்த ரேகைக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 பாகை தள்ளி அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. ஆகவே, கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் கதிரவன் காட்டும் நேரத்துக்கும் இங்கே ஏறத்தாழ 40 நிமிட வேற்றுமை உண்டு. டிசம்பர் மாதத்தில் மாலை 5 மணிக்கெல்லாம் ஞாயிறு மறைந்துவிடுகிறது. சென்னையில் பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருக்கும் வேளையில் இங்கே வீடுகளில் விளக்கேற்றியாகிவிடும். சில ஆண்டுகளில், சில மாதங்களில், அந்த வேளையில் மேற்கு வானத்தில் மற்றெந்த விண்மீனும் கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்னரே ஒரு பேரொளி தனித்துத் தோன்றும். அது இமைப்பதில்லை, ஓசை எழுப்புவதில்லை, நாள்தோறும் ஒரே திசையில் நின்று, சில நாழிகைக்குப் பின் மறைந்துவிடுகிறது.

அது யாது? விமானத்தின் விளக்கா? அயலார் ஏவிய உளவுக் கருவியா? நாற்புறமும் கடல் சூழ்ந்த எல்லைப்புறத் தீவுகளில் வாழ்வோர் இவ்வாறு ஐயுறுவது இயல்பே. இந்தக் கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் சிறப்பான பங்கு உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இத்தகைய காட்சிகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளில் 'இன்னதென்று இனம் காணப்படாத பொருள்' என்றே எழுதுவார்கள். அது பத்திரிகைத் தமிழுக்கு வரும்போது 'மர்மப் பொருள்' ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. இனம் காணப்படாமை என்பது பார்த்தவருடைய அறிவின் நிலையைக் கூறுகிறது. மர்மம் என்பதோ பொருளுக்கே ஒரு குணத்தை ஏற்றிவிடுகிறது. முன்னதில் விசாரணைக்கு இடம் உண்டு. பின்னதில் அச்சத்துக்கே இடம் உண்டு.

நம் முன்னோர் இந்தப் பேரொளியை 'வெள்ளி' என்று அழைத்தனர். மற்றொரு பெருங்கோளை 'வியாழன்' என்றனர். கிழமைகளுக்கு அவற்றின் பெயரையே இட்டு வழங்கினர். 'வெள்ளி முளைக்கும் நேரம்' என்பது கடிகாரம் இல்லாத காலத்தில் உழவருக்கும் வண்டியோட்டிகளுக்கும் மீனவருக்கும் பொழுதறியும் குறியாக இருந்தது. வெள்ளி தன் நிலை மாறித் தென்திசையில் சென்றால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை சங்க நூல்களிலேயே காணப்படுகிறது. பட்டினப்பாலையின் தொடக்கம், அவ்வாறு வெள்ளி திரிந்தாலும் தான் திரியாத காவிரியைப் போற்றுகிறது. வானத்துக்கும் மழைக்கும் அவர்கள் கற்பித்த தொடர்பை இன்றைய அறிவியல் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் வெள்ளியின் பாதை வடக்கும் தெற்குமாக மாறி வருவதை அவர்கள் கூர்ந்து நோக்கியிருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

மாலையில் மேற்கே தோன்றும் ஒளியும் வைகறையில் கிழக்கே தோன்றும் ஒளியும் ஒன்றே என்று அறிவது எளிதன்று. இரண்டையும் ஒரே நாளில் எதிரெதிராகக் காண்பது அரிது. மாலை வெள்ளி சில மாதம் ஒளிவீசிப் பின் கதிரவனுடைய ஒளியில் மறைகிறது. சில நாள் கழித்துக் காலையில் விடிவெள்ளியாக எழுகிறது. பண்டைக் கிரேக்கர் ஒரு காலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு பெயரிட்டு வழங்கினர். பிற்காலத்திலேயே இரண்டும் ஒன்றெனத் தெளிந்தனர். பாபிலோனியரோ அம்மிசதுகா என்னும் மன்னன் காலத்திலேயே வெள்ளியின் தோற்றத்தையும் மறைவையும் 21 ஆண்டுகளுக்குக் குறித்து வைத்தனர். களிமண் பலகைகளில் எழுதப்பட்ட அதன் படிகள் இன்றும் உள்ளன. நடு அமெரிக்காவின் மாயர், வெள்ளி ஒரு சுற்று முடித்துப் பழைய தோற்றத்துக்கு வர 584 நாள் ஆகும் என்று கணக்கிட்டிருந்தனர். அத்தகைய 5 சுற்றுகள் 2,920 நாட்கள். அது 365 நாள் கொண்ட 8 ஆண்டுகளுக்குச் சமம். எனவே, இந்த ஆண்டு ஒரு மாதத்தில் வெள்ளி எங்கே நிற்கிறதோ, 8 ஆண்டுகளுக்கு முன் அதே மாதத்தில் ஏறக்குறைய அங்கேயே நின்றிருக்கும். அந்நியப் பொருள் எதுவும் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை.

இந்த ஒழுங்கைக் கொண்டு தமிழறிஞர் ஒருவர் இலக்கிய வரலாற்றுக்கே காலம் கணிக்க முற்பட்டார். ஆண்டாள் திருப்பாவையில், மார்கழி வைகறையில் வெள்ளி எழுவதும் வியாழன் மறைவதும் ஒருங்கே குறிக்கப்படுகின்றன. மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை' என்னும் நூலில் இக்குறிப்பை ஆராய்ந்து, கி.பி. 731ஆம் ஆண்டே அதற்குப் பொருந்துவது என்று முடிவு செய்தார். இதே அமைப்பு வேறு ஆண்டுகளிலும் நேர்வதால் அறிஞர் அனைவரும் அம்முடிவை ஏற்கவில்லை. எனினும், பாட்டில் வரும் ஒளியை இன்ன கோள், இன்ன நிலை என்று இனங்கண்டு, கணக்கோடு ஒப்பிட்ட அவருடைய முறை போற்றத்தக்கது. வெள்ளி எழ வியாழன் மறையும் அந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்வோம். அதை மீண்டும் சந்திக்க இருக்கிறோம்.

இனி, பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். கதிரவன் நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது அக்காலத்து வானநூலாரின் பெருங்கேள்வி. வெள்ளிக்கோள் கதிரவனின் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சி, 1761இலும் 1769இலும் நேர இருந்தது. உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து அதைப் பார்ப்போருக்கு அப்புள்ளி சற்றே வெவ்வேறு வழியில் செல்வதாகத் தோன்றும். அந்த வேற்றுமையை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, முதலில் ஒரு கண்ணாலும் பின்னர் மறு கண்ணாலும் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுகிறதன்றோ? அதே தத்துவம்தான். விரல் அருகில் இருந்தால் மாற்றம் மிகுதி. தொலைவில் இருந்தால் குறைவு.

உலகத்துக்கு இவ்வாறு ஒரு கண்ணாக இருக்கப் புறப்பட்டவர் பிரெஞ்சு வானநூலார் லெ ழாந்தீல். 1760இல் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. 1761 ஜூன் 6ஆம் நாள் கடல் நடுவே, ஆடும் கப்பலில் இருந்து அந்நிகழ்ச்சியைக் கண்டார்; அளவெடுக்க இயலவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்காக 8 ஆண்டுகள் இந்துமாக் கடற்பகுதியிலேயே தங்கினார். பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்துவிட்ட புதுச்சேரியில் வானாய்வு மனை ஒன்றை அமைத்துக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலையில் மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி, கழகத்தில் அவருக்குரிய இடத்தைப் பிறருக்கு அளித்துவிட்டிருந்தனர்.

அவருடைய பயணம் வீணாயிற்று என்று எண்ணவேண்டா. புதுச்சேரியில் இருந்தபோது, தமிழ்க் கணிதர்கள் மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு, சோழிகளைத் தரையில் வைத்து எண்ணியே கிரகணங்களைக் கணித்ததை அவர் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நேர்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்துப் பார்த்ததில் 41 விநாடியே குறைந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயருடைய அட்டவணைகளின்படி கணித்ததிலோ 68 விநாடி மிகுந்தது. அவரே இதனை எழுதி வைத்தார். கணக்கறிந்த மக்கள் வானத்து ஒளியைக் கண்டு மருளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சென்னையில் 1786இல் வில்லியம் பெட்ரி என்பவர் தம் சொந்த முயற்சியால் ஒரு வானாய்வு மனையைத் தொடங்கினார். அதை ஏற்றுக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினர். அங்கே கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டது. கடற்பயணத்துக்கும் நில அளவைக்கும் உதவுவதே அந்நிறுவனத்தின் முதல் நோக்கம். அந்தமான் தீவுகளில் 1789இல் ஆங்கிலேயர் முதற்குடியிருப்பை நாட்டியதும் அதே காலத்தில்தான். வங்கக் கடலில் ஓடிய கப்பல்களுக்குத் தீர்க்கரேகையைச் சரிவர அறிவது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

அந்தச் சென்னை வானாய்வு மனையில் முதல் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளி மீண்டும் கதிரவனைக் கடக்க இருந்தது. இம்முறை இந்தியாவிலும் தெரிவதாக இருந்தது. பகலவன் முகத்தில் கரும்புள்ளி தோன்றினால் பாமர மக்கள் தீநிமித்தமாகக் கருதக்கூடும் என்பதை அறிந்தவர் அவர். பண்டிதர் ஒருவருக்கும் பிறருக்கும் நிகழும் உரையாடல் வடிவில் அந்நிகழ்ச்சியை விளக்கி, நம் நாட்டு மொழிகளிலும் நூல் வெளியிட்டார். விளக்கம் நிகழ்ச்சிக்கு முன்னரே மக்களிடம் சென்று சேரவேண்டும் என்ற அவருடைய கருத்து, நமக்கு இன்றும் வழிகாட்டி.

சென்னை வானாய்வு மனையின் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு மாறின. அந்த மரபிலேயே 1971இல் இந்திய வான்பௌதிக நிறுவனம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாயிற்று. வடாற்காட்டுப் பகுதியில் காவலூரிலும், லடாக்கில் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயிலும் அதற்கு ஆய்வு மனைகள் உண்டு. இந்நிறுவனத்திடம்தான் நமது இராணுவம் ஒருநாள் ஒரு விசித்திரமான கேள்வியுடன் வந்தது.

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் சீன எல்லையை ஒட்டிய ஏரிப் பகுதியில் காவல் புரிந்த வீரர்கள், வானத்தில் இனந்தெரியாத ஒளிப்பொருள்களை 329 முறை கண்டதாகக் குறித்தனர். அவற்றுள் 155 முறை அவை எல்லைக் கோட்டைக் கடந்து வந்ததாகவும் எழுதினர். அவை உளவு பார்க்கும் ஆளில்லா விமானங்கள் என்பது அவர்கள் கொண்ட ஐயம். ஒரு பொருள் மாலை 6 மணியளவில் அடிவானத்தில் தோன்றி விடியற்காலை 5 மணி வரை நின்றது. மற்றொன்று காலை 4 மணிக்குத் தோன்றி முற்பகல் 11 மணி வரை தெரிந்தது. காலமோ நெருக்கடியான காலம். 1962இல் போர் நிகழ்ந்த எல்லை அது. 2013 ஏப்ரலில் தெப்சாங் சமவெளியில் இருநாட்டுப் படைகளும் மூன்று வாரம் எதிரெதிரே நின்றன. வானத்து ஒளி ஒன்றைப் பகைவனின் ஊடுருவலாக எண்ணி எவரேனும் துப்பாக்கியைத் தூக்கியிருந்தால், விளைவு எங்கே சென்று முடிந்திருக்கும் என்று யாரால் கூற இயலும்?

வானநூலார் செய்த முதற்காரியம் மிக எளிது. அப்பொருள்கள் நிலவுலகைச் சார்ந்தவையா, விண்ணைச் சார்ந்தவையா என்று தீர்மானிப்பதே தங்கள் பணி என வகுத்துக்கொண்டனர். பொருளின் திசையையும் அடிவானத்திலிருந்து அதன் உயரத்தையும் நேரத்தோடு குறிக்கச் செய்தனர். விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் நகர்ச்சியைப் பார்த்தனர். விடை வெளிப்பட்டது. முதற்பொருள் வியாழன், இரண்டாவது வெள்ளி. 2013 ஜூலையில் இச்செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது.

இங்கேதான் ஆண்டாளின் வைகறை மீண்டும் நம் முன் வருகிறது. 2012 டிசம்பர் 3ஆம் நாள் வியாழன் கதிரவனுக்கு நேர் எதிரே நின்றது. ஆகவே மாலையில் எழுந்து விடியலில் மறைந்தது. வெள்ளியோ அப்போது விடிவெள்ளி. கணக்கிட்டுப் பார்த்தால், அவ்வாண்டு மார்கழியின் முற்பகுதியில் வானவீதியில் இரண்டும் ஏறத்தாழ எதிரெதிரே இருந்தன. வெள்ளி கிழக்கே எழும்போது வியாழன் மேற்கே மறைந்தது. பாவை நோன்புக்குப் பெண்களை எழுப்பிய அதே காட்சி, பனிமலை உச்சியில் விழித்திருந்த வீரரை அச்சுறுத்தியது.

அவ்வீரர்களை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. உயர்ந்த மலையில் காற்று மெல்லியது. அங்கே கோள்கள் சமவெளியில் இருப்பதைவிட ஒளி மிகுந்து தோன்றும். முற்பகல் 11 மணிக்கு வெள்ளி தெரிந்ததும் பொய்யன்று. இடம் அறிந்து நோக்கினால் பகலிலும் வெள்ளியைக் காணலாம். 1797 டிசம்பரில் பாரிசு நகரில் நெப்போலியனுக்கு வரவேற்பு நிகழ்ந்தபோது, மக்கள் அவரைப் பாராமல் நடுப்பகல் வானத்தையே நோக்கி நின்றதாகவும், அவர்கள் கண்டது வெள்ளியே என்றும் வானநூலார் அரகோ எழுதியிருக்கிறார். இருளில் ஒற்றை ஒளியை நெடுநேரம் உற்று நோக்கினால், அது அசையாமல் இருப்பினும் அசைவதாகவே கண்ணுக்குத் தோன்றும். மேகம் ஓடினால் கோள் ஓடுவதாகத் தோன்றும். அடிவானத்து அருகில் காற்றின் அலைவால் அதன் நிறமும் சிவப்பும் பச்சையுமாக மின்னக்கூடும். கண் பொய் சொல்லவில்லை. அது சொல்வதற்கு நாம் கொள்ளும் பொருளே பிழைபடுகிறது.

ஆகவே, பெரார்கஞ்சில் மாலை வானில் ஓர் ஒளியைக் காண்போர் செய்யத்தக்கது யாது? முதலாவது, நேரம். கடிகாரம் ஒன்றானாலும் வானம் ஒன்றன்று. அந்தமானில் கதிரவன் லடாக்கை விட ஏறத்தாழ 1 மணி நேரம் முந்திச் செல்கிறது. ஆதலால் 'மாலை 6 மணி' என்று மட்டும் கூறினால் போதாது. கதிரவன் மறைந்து எவ்வளவு நேரம் கழித்து என்றும் குறிக்கவேண்டும். வெள்ளி கதிரவனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. அதனால் கதிரவன் மறைந்து ஏறத்தாழ 3 மணி நேரத்துக்குள் அதுவும் மறைந்தாகவேண்டும். நள்ளிரவில் உச்சிவானில் தெரிவது வெள்ளி அன்று. அது வியாழனாக இருக்கலாம். ஒளி மிக்க காலத்தில் வெள்ளி, விண்மீன்களுள் முதன்மையான சிரியசை விடப் பல மடங்கு ஒளி வீசும் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

இரண்டாவது, அசைவு. ஒரு மரக்கிளையையோ கூரை முனையையோ அடையாளமாகக் கொண்டு, ஒரே இடத்தில் நின்று நோக்கவேண்டும். கோளானால் மெல்ல மேற்கே சாயும். நான்கைந்து நிமிடத்துக்குள் ஓசையின்றி வானைக் கடந்து, நடுவழியில் மங்கி மறைந்தால், அது பூமியைச் சுற்றும் செயற்கைக் கோள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் அனைத்துலக விண்வெளி நிலையம் அவ்வாறு தோன்றும். நம் மீது இருள் கவிந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் இருப்பதே அது ஒளிர்வதற்குக் காரணம். 2022 டிசம்பர் 15ஆம் நாள் மாலையில் வங்காளத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மக்கள் வானில் கண்டு திகைத்த ஒளிக்கீற்று, ஒடிசா கடற்கரையிலிருந்து செலுத்திய அக்னி-5 ஏவுகணையுடையது. அதே ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் மகாராட்டிரத்து வானில் எரிந்து சென்றவை ஒரு சீன ஏவுகலத்தின் எச்சம் என்று கணிக்கப்பட்டது; சந்திரபூர் மாவட்டத்தில் ஓர் உலோக வளையமே தரையில் வந்து விழுந்தது. ஐயம் எல்லாம் வெற்று ஐயம் ஆகிவிடுவதில்லை என்பதற்காகவே இதைக் கூறுகிறேன்.

மூன்றாவதும் முதன்மையானதும், மற்றொரு கண். பெரார்கஞ்சில் ஒருவரும், 2024 வரை போர்ட் பிளேர் எனப் பெயர் பெற்றிருந்த ஸ்ரீ விஜயபுரத்தில் ஒருவரும் ஒரே நொடியில் அவ்வொளியைப் பார்த்து, எந்த விண்மீன்களுக்கு இடையே நிற்கிறது என்று தொலைபேசியில் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். சில கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கருவியானால் இருவருக்கும் அது வெவ்வேறு இடத்தில் தோன்றும். இருவரும் அதே விண்மீன்களின் நடுவே கண்டால், அது இவ்வுலகத்துப் பொருள் அன்று. லெ ழாந்தீல் புதுச்சேரிக்கு வந்தது எந்தத் தத்துவத்துக்காகவோ, அதே தத்துவம் இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் எட்டும் நிலையில் உள்ளது.

கடலோரத்தில் வாழ்வோர் கண்டதை உரியவரிடம் தெரிவிப்பது கடமை. அதில் தயக்கம் கூடாது. ஆனால் தெரிவிக்கும்போது கண்டதை மட்டும் கூறவேண்டும். நேரம், திசை, உயரம், நின்ற காலம் ஆகிய நான்கையும் குறித்து அனுப்பினால் போதும். அறிந்தவர் அதைக் கணக்கோடு ஒப்பிட்டு விடை காண்பார்கள். அவ்வாறன்றி 'உளவு விமானம்' என்று முதலிலேயே எழுதிவிட்டால், படிப்போர் அனைவரும் விமானத்தையே தேடுவார்கள், வானத்தைப் பார்க்கமாட்டார்கள்.